குமுளியில் நின்றுகொண்டு ‘கெட்’ பழகுவது எப்படி

போன சீசனில் லோயர் கேம்ப்பிலிருந்து ஒரு பையன் ஜீப் ஓட்ட வந்து சேர்ந்தான். வந்த மூன்றாம் நாள், வண்டியில் ஏறிய வெளிநாட்டுப் பெரியவர் ஒருவர் காட்டுப் பக்கம் கையை நீட்டி, "டூ யூ கெட் எலிஃபன்ட்ஸ் ஹியர்?" என்று கேட்டிருக்கிறார். கெட் என்றால் கிடைப்பது, வாங்குவது என்று பள்ளிக்கூடத்தில் படித்தது பையனுக்கு நன்றாக நினைவிருந்தது. "நோ சார், ஃபாரஸ்ட் டிபார்ட்மென்ட் நாட் கிவிங்" என்று பணிவாகச் சொல்லிவிட்டான். பெரியவர் சிரிக்கவில்லையாம். நம்பிவிட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

சாயங்காலம் என்னிடம் வந்து, "அக்கா, யானை வாங்குறீங்களான்னு கேக்குறாரு. நான் என்னத்தச் சொல்ல?" என்றான். அவர் கேட்டது, இந்தப் பக்கம் யானை வருமா என்று.

தமிழ்நாடு, கேரள எல்லையில் இருக்கும் குமுளியில் ஒரு ஹோம்ஸ்டேயில் பதினான்கு வருடமாக வரவேற்பு மேசையில் இருக்கிறேன். ஆறரைக்கு மேல் ஜீப் ஓட்டும் பையன்கள், மசாலாக் கடையில் நிற்கும் பெண்கள் என்று ஏழெட்டுப் பேர் நோட்டோடு வருவார்கள். அவர்களை அதிகம் தடுக்கி விழவைக்கும் இங்கிலீஷ் சொல் எது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன், கெட். பெரிய பெரிய சொற்களில் யாரும் விழுவதில்லை. தெரியாத சொல் என்றால் நின்று கேட்டுவிடுகிறோம். கெட் தெரிந்த சொல் மாதிரி இருப்பதால் நிற்காமல் போய் விழுகிறோம்.

அகராதியில் அந்தச் சொல்லுக்கான பக்கத்தைத் திறந்தால் அர்த்தம் வரிசையாகப் போய்க்கொண்டே இருக்கும். அதை மனப்பாடம் செய்யப் புறப்பட்டவர்கள் யாரும் கரை சேர்ந்ததில்லை. கெட்டுக்கு அடுத்து என்ன நிற்கிறது என்று பார்க்கப் பழகினால் முக்கால்வாசி வேலை முடிந்தது. (தமிழில் வேற்றுமை உருபு சேர்த்தால் கெட்டுப்போன வாடை அடிக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.)

முதலில், கையில் இருப்பதை எழுதுங்கள்

நோட்டின் முதல் பக்கத்தில், கெட் வருகிற மாதிரி உங்கள் வாயில் ஏற்கனவே புழங்குவதை எல்லாம் எழுதுங்கள். சினிமாவில் ஹீரோ கெட்டப் மாற்றுகிறார். கோபம் வந்தால் கெட் அவுட் என்கிறோம். பழைய மாணவர்கள் கெட் டுகெதர் வைக்கிறார்கள். பள்ளி விளையாட்டுப் போட்டியில் கெட் ரெடி என்று கத்துகிறார் பி.டி. மாஸ்டர். இந்த நான்கில் எதிலாவது யாருக்காவது ஏதாவது கிடைக்கிறதா? இல்லை. ஆனாலும் ஒருமுறைகூட நீங்கள் இதில் குழம்பியதில்லை. ஆக, இந்தச் சொல்லோடு உங்களுக்கு ஏற்கனவே பழக்கம் இருக்கிறது. அந்தப் பழக்கத்தை நீட்டினால் போதும்.

அடுத்து நிற்பது பொருளா?

கெட்டுக்குப் பின்னால் ஒரு பொருளின் பெயர் வந்தால்தான் நாம் பள்ளியில் படித்த அர்த்தம். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. தானாக வந்ததை நாம் "கிடைத்தது" என்போம், முயன்று கொண்டுவந்ததை "வாங்கினேன்", "எடுத்துவந்தேன்" என்போம். மலையாளத்திலும் அப்படியே: எனிக்குக் கிட்டி, ஞான் வாங்ஙி. இங்கிலீஷ் இந்த இரண்டையும் ஒரே கூடையில் போடுகிறது. "ஐ காட் எ லெட்டர்" என்றால் கடிதம் வந்தது. "ஐ காட் எ பேக்" என்றால் பெரும்பாலும் பை வாங்கினேன். "கேன் யூ கெட் மீ சம் வாட்டர்?" என்றால் தண்ணீர் கொண்டுவர முடியுமா. "வேர் டிட் யூ கெட் திஸ்?" என்றால் இதை எங்கே வாங்கினீர்கள். ஆள் அசைந்தானா, பொருள் அசைந்ததா என்று பார்த்துத் தமிழைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இங்கிலீஷ்காரர் எல்லாவற்றுக்கும் ‘நான்’ என்று தன்னை முன்னால் நிறுத்திக்கொள்வார். நமக்குச் சளி பிடிக்கிறது. அதாவது சளி வந்து நம்மைப் பிடிக்கிறது. அவரோ போய்ச் சளியைப் பிடித்துக்கொள்கிறார்: "ஐ காட் எ கோல்ட்." மலையாளத்திலும் நோய்தான் ஆளைப் பிடிக்கும், பனி பிடிச்சு என்பார்கள். (எல்லைக்கு அந்தப் பக்கம் பனி என்றால் காய்ச்சல். இது தெரியாமல் டிசம்பரில் "இங்க பனி அதிகம்" என்று சொல்லி ஒரு மலையாளி விருந்தாளியைப் பயமுறுத்தியவள் நான்.)

இனி யானைக் கேள்வி. "டூ யூ கெட்" என்று தொடங்கி விலங்கு, மழை, கூட்டம், மின்தடை என்று ஏதாவது வந்தால், அந்த யூ உங்களைக் குறிப்பதே இல்லை. உங்கள் ஊரைக் குறிக்கிறது. "டூ யூ கெட் மச் ரெயின்?" என்றால் இங்கே மழை அதிகமா. "டூ யூ கெட் மெனி டூரிஸ்ட்ஸ் இன் ஜூன்?" என்றால் ஜூனில் கூட்டம் வருமா. நாம் "இங்க நல்ல மீன் கிடைக்கும்" என்கிறோமே, அதுபோலத்தான். யார் கையில் கிடைக்கும் என்று அதில் யாரும் கேட்பதில்லை.

நிலையா?

கெட்டுக்கு அடுத்து ஈரம், இருட்டு, களைப்பு, சூடு என்று ஒரு நிலையைச் சொல்லும் சொல் வந்தால், மாறிவிட்டது என்று அர்த்தம். தமிழில் பெரும்பாலும் ஒரே வினைச்சொல்லில் முடிந்துவிடும். கெட் வெட் என்றால் நனைவது. கெட்டிங் டார்க் என்றால் இருட்டுகிறது. சாயா மேசையில் இருக்க, "இட்ஸ் கெட்டிங் கோல்ட்" என்றால் ஆறுகிறது, குடியுங்கள்.

இங்கே ஒரே ஒரு பள்ளம். "ஐ ஆம் கெட்டிங் கோல்ட்" என்றால் குளிர்கிறது என்கிறார், கம்பளி கொடுங்கள். "ஐ ஆம் கெட்டிங் எ கோல்ட்" என்றால் சளி பிடிக்கப் போகிறது, சுக்குக் காப்பி போடுங்கள். நடுவில் நிற்கும் அந்தத் துக்கடா ‘எ’, நிலையைப் பொருளாக்கிவிடுகிறது.

இடமா?

இடம் வந்தால் போய்ச்சேர்வது. "ஹவ் டூ ஐ கெட் டு தேக்கடி?" என்று கேட்டால் வழி சொல்லுங்கள். ஹோம், ஹியர், தேர் என்ற மூன்றுக்கும் முன்னால் அந்த ‘டு’ வராது. இதில் வேறு சிக்கல் இல்லை.

அடிபட்டதா, மாட்டிக்கொண்டதா?

கெட் மேரீட், கெட் ஹர்ட், கெட் ஸ்டக், கெட் லாஸ்ட். இந்த ரகத்துக்கு இங்கிலீஷ் இலக்கணத்தில் செயப்பாட்டு வினை என்று பெயர் சொல்லி மிரட்டுவார்கள். மிரள வேண்டாம். நம்மிடம் ‘படு’ இருக்கிறது. "அவன் அடிக்கப்பட்டான்" என்று வீட்டில் யாராவது பேசுகிறோமா? "அடிபட்டுட்டான்" என்கிறோம். அந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் "ஹி வாஸ் ஹர்ட்" என்பதற்கும் "ஹி காட் ஹர்ட்" என்பதற்கும் உள்ளது. இரண்டாவதில் ஒன்று நடந்து, அது அவன் தலையில் விழுந்தது என்ற வாடை இருக்கிறது. ஜீப் சேற்றில் மாட்டிக்கொண்டால் "வி காட் ஸ்டக்." வழி தவறினால் "வி காட் லாஸ்ட்."

கெட் லாஸ்ட் என்பதை நீங்கள் திட்டாக மட்டும் கேட்டிருப்பீர்கள். ஒருவர் முகத்தைப் பார்த்துக் கட்டளையாகச் சொன்னால் அது தொலைந்து போ. நடந்ததாகச் சொன்னால் தொலைந்துபோனோம். நமக்கும் தொலைந்து போ என்பது வசவு, குழந்தை திருவிழாவில் தொலைந்து போனது என்பது செய்தி. இந்த ஒன்றில் மட்டும் இரண்டு மொழியும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கிறது.

வேலையைச் செய்தது யார்?

முடி வெட்டிக்கொண்டு வந்தவன் "நேத்து முடி வெட்டினேன்" என்பான். கேட்கிறவர் யாரும் அவன் கையில் கத்தரிக்கோல் இருந்ததாக நினைக்க மாட்டார்கள். இதையே "ஐ கட் மை ஹேர்" என்று சொன்னால், இங்கிலீஷ்காரர் உங்கள் பின்மண்டையை ஒருமுறை பார்ப்பார். அவர் காதில் விழுவது, கண்ணாடி முன்னால் நின்று நீங்களே வெட்டிக்கொண்டீர்கள் என்பது. "ஐ காட் மை ஹேர் கட்" என்று சொல்ல வேண்டும். பொருளை முதலில் வைத்து, நடந்த வேலையைப் பின்னால் வைப்பது. "ஐ காட் தி டயர் சேஞ்ச்டு" என்றால் மெக்கானிக் மாற்றினார், காசு நான் கொடுத்தேன்.

ஆளைக் கொண்டு செய்விப்பதானால் நடுவில் ‘டு’ வரும்: "கெட் தி டிரைவர் டு வெயிட்." டிரைவரைக் காத்திருக்கச் சொல்லுங்கள். ஹோட்டல் வேலைக்குப் போகிறவர்கள் இந்த இரண்டு அமைப்பையும் முதல் வாரத்திலேயே பழகிவிடுங்கள். விருந்தாளிகள் கேட்பதில் பாதி இதுதான்: துணி துவைத்து வர வேண்டும், அறை கூட்ட வேண்டும், வண்டி வரவழைக்க வேண்டும்.

ஒட்டிக்கொண்டு வரும் குட்டிச் சொற்கள்

அப், டவுன், இன், அவுட், ஆன், ஆஃப், பேக், ஓவர், பை. இதற்குத்தான் நிறைய நேரம் வேண்டும். எல்லாவற்றையும் இங்கே சொல்ல முடியாது, வண்டிக்கு வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

சத்திரம் என்ற இடத்துக்குப் போகிற வழியில் நடந்தது இது. பாதை மோசம், கடைசித் திருப்பத்தில் ஆட்களை இறக்கிவிட்டு ஜீப்பை மட்டும் ஏற்ற வேண்டும். டிரைவர் பையன் வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்து, "கெட் டவுன்! கெட் டவுன்!" என்று கத்தினான். பின்னால் இருந்த தம்பதி இரண்டு பேரும் அந்தக் கணமே சீட்டுக்கு அடியில் தலையைக் குனிந்து, கையால் பிடரியை மூடிக்கொண்டார்கள். அந்த அம்மா கண்ணைக்கூட மூடிவிட்டாராம். புலியோ காட்டெருமையோ பாய்ந்துவிட்டது என்று நினைத்துவிட்டார்கள். பையன் புரியாமல் இன்னும் சத்தமாக "கெட் டவுன்!" என்றான். அவர்கள் இன்னும் கீழே போனார்கள்.

அவசரக் குரலில் கெட் டவுன் என்றால் குனி, பதுங்கு என்றுதான் அவர்கள் காதில் விழும். நாம் ‘இறங்கு’ என்பதை அப்படியே தூக்கிப்போட்டு டவுன் ஆக்கிவிட்டோம். மலையாளத்திலும் இறங்ஙு என்பதால் செக்போஸ்ட்டுக்கு இரண்டு பக்கமும் இதே தப்பு நடக்கிறது. தப்பு என்று அடித்துச் சொல்லவும் மனம் வரவில்லை. குதிரையிலிருந்து இறங்குவதற்கு அவர்களும் கெட் டவுன் என்று சொல்வதுண்டு. நம் ஊரில் கண்டக்டர் முதல் ஹெட்மாஸ்டர் வரை எல்லோரும் பஸ்ஸுக்கும் அதைத்தான் சொல்கிறார்கள், எல்லோருக்கும் புரிகிறது. வெளிநாட்டு ஆட்களிடம் மட்டும் பார்த்துப் பேசுங்கள்.

அவர்கள் கணக்கு இது. உள்ளே எழுந்து நடக்க முடிகிற வண்டி என்றால் ஏற ஆன், இறங்க ஆஃப்: பஸ், ரயில், தேக்கடி போட். குனிந்து நுழைந்து உட்கார மட்டும் முடிகிற வண்டி என்றால் ஏற இன், இறங்க அவுட்: கார், ஜீப், ஆட்டோ. மேலே கால்போட்டு உட்காருவதானால் மறுபடி ஆன், ஆஃப்: பைக், குதிரை. ஆகவே ஜீப்பில், "ப்ளீஸ் கெட் அவுட் ஹியர்." கெட் அவுட் என்று விருந்தாளியிடம் எப்படிச் சொல்வது என்று பையன்கள் கூசுவார்கள். ‘ப்ளீஸ்’ முன்னாலும் ‘ஹியர்’ பின்னாலும் இருந்தால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. தனியாக, விரலை நீட்டிச் சொன்னால்தான் அது சினிமா கெட் அவுட்.

காது விஷயமும் ஒன்று உண்டு. அமெரிக்காக்காரர் வாயில் இரண்டு உயிரெழுத்துக்கு நடுவில் மாட்டிய ‘ட்’ மெலிந்து ‘ட’வுக்கும் ‘ர’வுக்கும் நடுவில் எங்கேயோ விழும். கெட் இட் என்பது ‘கெரிட்’ மாதிரியும், கெட் அப் ‘கெரப்’ மாதிரியும் கேட்கும். புதுச் சொல் என்று பயந்து அகராதியைத் தேடாதீர்கள்.

காட் வந்தால் கவனம்

"ஐ ஹாவ் காட் டூ கிட்ஸ்" என்று ஒருவர் சொன்னால் அவருக்கு இரண்டு பிள்ளைகள், அவ்வளவுதான். வாங்கவும் இல்லை, தத்து எடுக்கவும் இல்லை. ஹாவ் காட் என்றால் இருக்கிறது. அதோடு ‘டு’ சேர்ந்து "ஐ ஹாவ் காட் டு கோ" என்றால் போயாக வேண்டும். பேச்சில் இது சுருங்கி ‘காட்டா’ என்று கேட்கும்.

அமெரிக்காக்காரர் ‘காட்டன்’ என்று ஒன்று சொல்வார். துணி அல்ல. "ஐ ஹாவ் காட் எ டிக்கெட்" என்றால் டிக்கெட் கையில் இருக்கிறது, "ஐ ஹாவ் காட்டன் எ டிக்கெட்" என்றால் அலைந்து வாங்கிவிட்டேன். பிரிட்டிஷ்காரர் இந்த வடிவத்தை வழக்கத்திலிருந்து உதிர்த்துவிட்டார்கள், கடல் தாண்டிப் போனவர்கள் வைத்துக்கொண்டார்கள். ஆனால் ‘ஃபர்காட்டன்’ மட்டும் இரண்டு பக்கமும் உயிரோடு இருக்கிறது. அது ஏன் கெட் வீட்டுப் பிள்ளை என்பதைக் கீழே சொல்கிறேன்.

வேரைப் பிடித்தால் கிளை தானாக வரும்

"ஐ டோன்ட் கெட் இட்" என்று சொல்வார்கள். எனக்கு அது கிடைக்கவில்லை என்று புரிந்துகொண்டு எதையோ எடுத்துக் கொடுக்க ஓடாதீர்கள். புரியவில்லை என்கிறார். நாம் "கணக்கு பிடிபடவே இல்ல" என்கிறோமே, அதுதான்.

இந்தப் ‘பிடி’தான் கெட் என்ற சொல்லின் அடிவேர். அறிஞர்கள் ஐரோப்பிய மொழிகளை ஒப்பிட்டுப் பின்னோக்கிப் போய், பிடித்தல், கைப்பற்றுதல் என்ற பொருளில் ‘கெண்ட்’ போன்ற ஒரு பழைய வேரை அனுமானித்திருக்கிறார்கள். அந்த வேர் லத்தீன் பக்கம் போய் ‘ப்ரெஹெண்டெரே’ ஆனது. பிடித்தல் என்று பொருள். அதிலிருந்து பிரெஞ்சு வழியாகவும் நேராகவும் இங்கிலீஷுக்கு வந்தவை நமக்கும் தெரிந்தவைதான். பிரிசன், பிடித்துவைக்கும் இடம். அப்ரண்டிஸ், தொழிலைப் பிடித்துக்கொள்ள வந்தவன். பத்தாம் வகுப்பில் பத்தியைக் கொடுத்துக் கேள்வி கேட்டார்களே, காம்ப்ரிஹென்ஷன், அது பிடிபட்டதா என்று பார்ப்பது. பஜாரில் கடைக்குக் கடை போர்டில் தொங்கும் எண்டர்பிரைசஸ்கூட இந்த வகையறாதான், கையில் எடுத்த காரியம்.

கெட் வந்தது வேறு வழி. 793இல் இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையோரம் இருக்கும் லிண்டிஸ்ஃபார்ன் தீவின் மடத்தை, வைக்கிங் என்று சொல்லப்படும் வடக்கத்தியர் கப்பலில் வந்து சூறையாடினார்கள். அடுத்த நூற்றாண்டில் கொள்ளைக்கு வந்தவர்களில் பலர் திரும்பிப் போகாமல் இங்கிலாந்தின் கிழக்கிலும் வடக்கிலும் குடியேறி, நிலம் உழுது, பெண் எடுத்துப் பெண் கொடுத்தார்கள். 9ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலீஷ்காரர் பக்கத்து ஆல்ஃபிரெட் அரசரும் வந்தவர்கள் பக்கத்து டேனியர் தலைவர் குத்ருமும் உடன்படிக்கை செய்து எல்லை வகுத்தார்கள். எல்லை என்றால் என்ன, நம் செக்போஸ்ட் மாதிரிதான். இந்தப் பக்கம் ஒரு பேச்சு, அந்தப் பக்கம் ஒரு பேச்சு, சந்தையில் இரண்டும் கலந்த பேச்சு. வடக்கத்தியர் வாயில் ‘கெட்டா’ என்று ஒரு வினை இருந்தது. 1200ஐ ஒட்டி அது இங்கிலீஷ் எழுத்தில் தலைகாட்டுகிறது.

இங்கிலீஷிடம் அதற்கு முன்பே அந்த வேர் இருந்தது, ஆனால் தனியாக நிற்காது. முன்னொட்டோடு மட்டும் வரும். ‘ஃபர்கெட்’ அப்படி ஒன்று: பிடியிலிருந்து நழுவவிடுவது, அதுதான் மறப்பது. ‘பிகெட்’ இன்னொன்று: பிள்ளை பெறுவது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகிறவர்கள் "ஆபிரகாம் ஈசாக்கைப் பெற்றான்" என்று கேட்டிருப்பீர்கள். 1611இல் வந்த இங்கிலீஷ் பைபிளில் அந்த இடத்தில் நிற்பது இதன் பழைய இறந்தகால வடிவம், ‘பிகேட்’. சின்ன வயதில் ஓர் ஆண் எப்படிப் பெற்றான் என்று சிரித்தது எனக்கு நினைவிருக்கிறது. ஆனால் பரிசு பெற்றான், பிள்ளை பெற்றாள், பெற்றோர் என்று நம் ‘பெறு’வும் இரண்டு வேலையும் பார்க்கிறதே. வடக்கத்தியரின் கெட்டாவும் அடைவது, பிள்ளை பெறுவது இரண்டையும் குறித்தது. ஊகிப்பதையும் குறித்தது. இங்கிலீஷின் ‘கெஸ்’ இதற்கு உறவு என்றே பெரும்பாலும் கருதுகிறார்கள், புத்தியை நீட்டிப் பிடிக்கப் பார்ப்பது.

உச்சரிப்பிலும் தடயம் இருக்கிறது. பழைய இங்கிலீஷ்காரர் தம் சொந்த வடிவத்தில் முதல் எழுத்தை ‘ய’ போல மெலிதாகச் சொல்வார்கள். அப்படியே போயிருந்தால் இன்று நாம் ‘யெட்’ என்றும் ‘ஃபர்யெட்’ என்றும் பழகிக்கொண்டிருப்போம். அந்த அழுத்தமான ‘க’ வடக்கத்தியர் கொடுத்தது. டேக் என்ற வினையும் அவர்கள் கொடுத்ததுதான். ‘தே’, ‘தெம்’ என்று ‘அவர்கள்’ என்பதற்கான சொல்லைக்கூட அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள்.

நம்மிடமிருந்து இங்கிலீஷுக்குப் போனவற்றைப் பாருங்கள்: கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர், தேக்கு. எல்லாம் பொருள்களின் பெயர். கப்பலில் வந்து சரக்கு ஏற்றிப்போகிறவன் பெயரைத்தான் எடுத்துப்போவான். வினைச்சொல் கை மாற, ஒரே கிணற்றில் தண்ணீர் எடுக்க வேண்டும், ஒரே வீட்டில் சண்டை போட வேண்டும். கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் விடிகாலை ஜீப்பில் நெருக்கி உட்கார்ந்து ஏலத்தோட்டத்துக்குப் போய்வரும் பெண்களைக் கேளுங்கள். என் சித்தி சோறு போடும்போது "போதும்" என்று சொல்லி எத்தனையோ வருடமாகிறது. "மதி, மதி" என்று மலையாளத்தில்தான் சொல்லிக் கையை மறைப்பாள்.

பக்கத்துப் பக்கத்தில் இருந்தும் புரியாமல் போவதும் உண்டு. அச்சுக்கலையை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்த காக்ஸ்டன் 1490இல் ஒரு முன்னுரையில் எழுதிவைத்த கதை இது. தேம்ஸ் நதியிலிருந்து கப்பலில் புறப்பட்ட வியாபாரிகள் காற்று இல்லாமல் கரையில் ஒதுங்குகிறார்கள். ஒருவர் ஒரு வீட்டில் போய் ‘எக்ஸ்’ கேட்கிறார். அந்த வீட்டு அம்மா, எனக்குப் பிரெஞ்சு தெரியாது என்கிறாள். இவருக்குக் கோபம், எனக்கும்தான் தெரியாது என்று. இன்னொருவர் ‘எய்ரென்’ என்று கேட்டதும்தான் அவளுக்குப் புரிகிறது. இரண்டும் முட்டைதான். முதலாவது வடக்கத்தியர் கொடுத்த சொல், இரண்டாவது பழைய உள்ளூர்ச் சொல். நல்லவேளை, குமுளியில் செக்போஸ்ட்டுக்கு இரண்டு பக்கமும் முட்டை முட்டைதான்.

கிட்டி, கெட்: சொந்தமா?

இந்தக் கட்டத்துக்கு வந்தால் வகுப்பில் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்கள்: "அக்கா, மலையாளத்துல கிட்டி, இங்கிலீஷ்ல கெட். நம்ம கிட்டேயிருந்துதான போயிருக்கு?" ஆசையான கேள்வி. ஆனால் இல்லை.

சொல்லின் ஊரைத் தேட ஒரு முறை இருக்கிறது. சத்தம் ஒத்துப்போவதை மட்டும் வைத்துச் சொந்தம் பேசக் கூடாது. முதலில் அந்தச் சொல் அந்த மொழியில் எப்போது, எங்கே தலைகாட்டியது என்று பார்க்க வேண்டும். கெட், நான் சொன்ன மாதிரி, வட கடல் பக்கம். அப்புறம், இரண்டு மொழிக்கும் இடையில் எழுத்து மாறுவது ஓர் ஒழுங்கோடு நடக்கிறதா என்று பார்க்க வேண்டும். கெட்டில் ‘க’, ப்ரெஹெண்டெரேயில் ‘ஹ’. இது தற்செயலா? ‘கெஸ்ட்’ என்ற சொல்லையும் ‘ஹாஸ்பிட்டல்’ என்பதையும் எடுங்கள். இரண்டும் விருந்தாளியைக் குறித்த ஒரே பழைய வேர், அங்கேயும் க, ஹ. ‘கார்டன்’ என்பதையும் ‘ஹார்ட்டிகல்ச்சர்’ என்பதன் முதல் பாதியையும் எடுங்கள், மறுபடி க, ஹ. இப்படி வரிசையாக நின்றால்தான் ரத்த சொந்தம். கிட்டுக்கும் கெட்டுக்கும் இப்படி ஒரு வரிசை கிடையாது.

கிட்டு நம் சொல். "கிட்ட வா" என்கிறோமே, அதே கிட்டு. நெருங்குவது முதலில், கைக்கு வருவது பின்னால். அவர்கள் பிடிப்பதிலிருந்து தொடங்கிப் போய்ச்சேர்வதற்கு வந்தார்கள். நாம் நெருங்குவதிலிருந்து தொடங்கிக் கைக்கு வந்தோம். வழியில் ஒரு வளைவில் இரண்டும் எதிரெதிரே பார்த்துக்கொண்டன என்று வைத்துக்கொள்ளுங்கள். சொந்தம் இல்லாவிட்டாலும் நினைவில் வைக்க உதவும் என்பதால் கிட்டியைப் பிடித்துக்கொண்டே கெட் பழகுவதை நான் தடுப்பதில்லை.

எழுதும்போது

மனுவிலும் அலுவலகக் கடிதத்திலும் கெட்டை அதிகம் விடாதீர்கள். ரிசீவ், பிகம், அரைவ் என்று அந்தந்த இடத்துக்கு உரியதைப் போடுங்கள். அதே சமயம், விருந்தாளியிடம் போய் "டிட் யூ ரிசீவ் வாட்டர்?" என்று கேட்காதீர்கள். தாசில்தார் கேட்கிற மாதிரி இருக்கும்.

தினமும் செய்ய வேண்டியது

பில் புக் பின்பக்கமோ போன் நோட்டோ, எதுவானாலும் சரி. அன்று காதில் விழுந்த கெட் வாக்கியம் ஐந்தைத் தமிழ் எழுத்திலேயே எழுதுங்கள். பக்கத்தில், கெட்டுக்கு அடுத்து நிற்பது பொருளா, நிலையா, இடமா, குட்டிச் சொல்லா என்று ஒரு சொல்லில் குறியுங்கள். அப்புறம் அதைத் தமிழில் சொல்லிப் பாருங்கள், வீட்டில் பேசுகிற மாதிரி. தமிழில் ‘கிடை’ வந்தால் ஒரு புள்ளி வையுங்கள். மாதக் கடைசியில் புள்ளிகளை எண்ணினால் எத்தனை குறைவு என்று நீங்களே பார்ப்பீர்கள்.

மூன்று வாரம் கழித்து, அந்த லோயர் கேம்ப் பையனுக்கு ஒரு வாக்கியம் கொடுத்தேன். "கெட் இன், இட்ஸ் கெட்டிங் லேட், வி ஹாவ் காட் டு கெட் பேக் பிஃபோர் இட் கெட்ஸ் டார்க்." இதில் ஐந்து இருக்கிறது, தமிழில் சொல் என்றேன். சாவியை மேசையில் தட்டிக்கொண்டே கொஞ்ச நேரம் மோட்டைப் பார்த்தான்.

"ஏறுங்க, நேரமாகுது, இருட்டுறதுக்குள்ள திரும்பியாகணும்."

சொல்லிவிட்டு, "அஞ்சு கெட்டும் எங்கக்கா போச்சு?" என்று அவனே விரலை மடக்கி எண்ணத் தொடங்கினான். ஏறு, ஆகுது, இருட்டு, திரும்பி, ஆகணும்.